பேஸ்புக்கிலும் டராஸிலும் உடுப்பு விற்கிறேன், வருமான வரி கட்ட வேண்டுமா?

விசுவமடு_தையல் | 8 ஒக்டோபர் 2025, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். விசுவமடுவில் வீட்டில் வைத்துச் சின்னப்பிள்ளைகளின் சட்டையும் பிளவுஸும் தைத்து விற்கிறேன். பாதி பேஸ்புக் பக்கத்தாலும் வட்ஸ்அப்பாலும் போகும், மீதி டராஸ் இணையக் கடையில். உதவிக்கு இரண்டு பிள்ளைகள் வந்து தைக்கிறார்கள்.

போன கிழமை நடைமுறைக் கணக்கு ஒன்று திறக்கலாம் என்று வங்கிக்குப் போனேன். டின் என்கிற வரி இலக்கம் இல்லாமல் திறக்க முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் பக்கத்து வீட்டு அன்ரி, "டின் எடுத்தாய் என்றால் மாதாமாதம் வரி கட்டவேண்டும், போடாதே" என்கிறார். அவருடைய மகன், வருடத்துக்கு 18 இலட்சத்துக்கு மேல் கணக்கில் விழுந்தாலே வரி என்கிறான். என் சேமிப்புக் கணக்கில் போன வருடம் 71 இலட்சம் வந்து போயிருக்கிறது. வங்கிக் கூற்றைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. அவ்வளவு காசு என் கையில் இல்லை என்பது கடவுளுக்குத்தான் தெரியும்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நான் வரி கட்ட வேண்டியவளா?

பரந்தன்_சந்தி | 8 ஒக்டோபர் 2025, இரவு 9.58

வாயைத் திறக்காமல் இருங்கள் தங்கச்சி. வன்னியில் பேஸ்புக்கில் விற்கிற யார் வரி கட்டுகிறார்கள்? நடைமுறைக் கணக்கு வேண்டாம், சேமிப்புக் கணக்கே போதும். காசோலை யார் கேட்கிறார்கள்?

முறிகண்டியான் | 8 ஒக்டோபர் 2025, இரவு 10.15

அதோடு, நாங்கள் கட்டாமலா இருக்கிறோம்? சாமான் வாங்கினால் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி). நூல், ஊசி, போன் ரீலோட் எல்லாத்திலும் இருக்கிறது. 2009க்குப் பிறகு தறப்பாளுக்குக் கீழே இருந்து தொடங்கின சனத்திடம் திரும்பவும் இலாபத்தில் பங்கு கேட்பது என்ன நியாயம்?

வவுனியா_கணக்கர் | 8 ஒக்டோபர் 2025, இரவு 11.05

தங்கச்சி, பயப்பட வேண்டாம். ஆனால் பரந்தன் அண்ணா சொல்கிறபடி விடவும் வேண்டாம்.

கணக்கில் விழுந்த காசு வேறு, உங்கள் வருமானம் வேறு. வருமான வரி தேறிய இலாபத்துக்குத்தான். 71 இலட்சத்துக்குள் துணிக் காசு, கூரியர் காசு, தைக்கிற பிள்ளைகளின் கூலி எல்லாம் கிடக்கும். அவற்றைக் கழித்து மிஞ்சுவதில்தான் கணக்குத் தொடங்குகிறது. அன்ரியின் மகன் சொன்ன 18 இலட்சமும் இலாபத்துக்கான எல்லை, புரள்வுக்கு (மொத்தமாக விற்ற தொகைக்கு) இல்லை.

அந்த 18 இலட்சத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. தனிநபர் நிவாரணம், அதாவது வரி இல்லாமல் விடுகிற தொகை, 18 இலட்சமாக உயர்ந்தது 2025 ஏப்ரல் 1 முதல்தான். நமது வரி மதிப்பாண்டு ஏப்ரலில் தொடங்கி அடுத்த மார்ச்சில் முடிகிறது. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான ஆண்டுக்கு எல்லை 12 இலட்சம்தான். வருகிற நவம்பர் 30க்குள் கொடுக்க வேண்டிய விபரத்திரட்டு, அதாவது வருட வருமானத்தை எழுதி வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கிற படிவம், அந்த ஆண்டுக்குரியது. ஆகவே "எனக்கு 15 இலட்சம்தான் இலாபம், 18க்குக் கீழே, தப்பினேன்" என்று இப்போது இருக்கிறவர்கள் போன வருடத்துக்குத் தப்பவில்லை.

வீதங்களும் மாறின. பழைய ஆண்டில் நிவாரணத்துக்கு மேல் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 6, 12, 18, 24, 30 என்று ஏறி, அதற்கு மேல் 36. இந்த ஆண்டில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு 5 இலட்சத்துக்கு ஒருமுறை 18, 24, 30, மிச்சத்துக்கு 36. வீட்டுத் தையல்காரர் பெரும்பாலும் அந்த 6 வீதத்துக்குள் நின்றுவிடுவார்.

டின் எடுத்தால் மாதாமாதம் வரி என்பது கட்டுக்கதை. அது ஒரு இலக்கம், அவ்வளவுதான். 18 வயது தாண்டினவர்கள் எல்லாரும் பதியவேண்டும் என்று 2024 தொடக்கத்தில் விதி வந்தது. வருமானமே இல்லாதவரும் எடுத்து வைத்திருக்கலாம்.

உங்கள் செலவுகளை உத்தேசமாகப் போடுங்கள், கணக்குப் பார்ப்போம். வங்கிக் கூற்றின் படத்தை இங்கே போடாதீர்கள், தொகையை மட்டும் எழுதுங்கள்.

விசுவமடு_தையல் | 9 ஒக்டோபர் 2025, காலை 10.20

நன்றி அண்ணா. இரவு கொப்பியையும் கூற்றையும் வைத்துக்கொண்டு இருந்தேன். கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

71 இலட்சத்தில் 9 இலட்சம் சுவிஸில் இருக்கும் தமையன் அம்மாவின் மருந்துக்கும் வீட்டு வேலைக்கும் அனுப்பியது. 5 இலட்சம் சீட்டுக் காசு, நான் கட்டியதுதான் திரும்பி வந்தது. மிச்சம் 57 இலட்சம் விற்பனை.

செலவில் துணி, லேஸ், பட்டன், நூல் 29 இலட்சம். பிள்ளைகளின் கூலி ஆறரை இலட்சம். கூரியர், திரும்பி வந்த பார்சல் எல்லாம் சேர்த்து 5 இலட்சத்து 20 ஆயிரம். டராஸ் கமிஷன், பேஸ்புக் விளம்பரம் ஒரு இலட்சத்து 70 ஆயிரம். கரண்ட், பொலித்தீன் பை, இன்டர்நெட் ஒரு 60 ஆயிரம்.

திரும்பி வருகிற பார்சலைப் பற்றிச் சொன்னால் அழுகை வரும். அம்பாறைக்கு ஒரு சட்டை அனுப்பினேன், வாங்கின பிள்ளை போனைத் தூக்கவே இல்லை. போன கூலியும் என் தலையில், வந்த கூலியும் என் தலையில். சட்டை கசங்கித் திரும்பி வந்தது.

வவுனியா_கணக்கர் | 9 ஒக்டோபர் 2025, பகல் 12.45

அழகாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். கொப்பி வைத்திருக்கிறவர்களுக்கு உதவி செய்வது எனக்கு அரை மணி நேர வேலை.

தமையன் அனுப்பிய 9 இலட்சம் வருமானம் இல்லை, குடும்பத்தில் இருந்து வந்த உதவி. சீட்டுக் காசும் வருமானம் இல்லை. விற்பனை 57, செலவு 43, மிஞ்சுவது 14 இலட்சம். 12ஐக் கழித்தால் 2 இலட்சம், அதில் 6 வீதம் 12 ஆயிரம் ரூபாய். 71 இலட்சம் புரண்ட கணக்குக்கு முழு வருடத்துக்கும் வருகிற வரி இவ்வளவுதான்.

மெஷின் ஏதும் அந்த ஆண்டில் வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் இது இன்னும் குறையும்.

விசுவமடு_தையல் | 9 ஒக்டோபர் 2025, பிற்பகல் 1.10

வாங்கினேன் அண்ணா. யூக்கி மெஷினும் ஓவர்லொக்கும், இரண்டும் சேர்த்து இரண்டரை இலட்சம். 2024 ஆடி மாதம், கிளிநொச்சியில். பில் இருக்கிறது.

வவுனியா_கணக்கர் | 9 ஒக்டோபர் 2025, பிற்பகல் 1.32

அப்போ ஒரே தடவையில் இரண்டரை இலட்சத்தையும் செலவாகக் கழிக்க முடியாது. மெஷினுக்கு 5 வருடத்துக்குச் சமமாகப் பிரித்துக் கழிவு தருவார்கள், பெறுமானத் தேய்வு மாதிரி. வருடத்துக்கு 50 ஆயிரம். இலாபம் பதின்மூன்றரை ஆகிறது. வரி 9 ஆயிரம். அடுத்த நான்கு வருடத்துக்கும் அந்த 50 ஆயிரம் வரும், பில்லைத் தொலைக்காதீர்கள்.

இப்போது நாள் விஷயம், இது அவசரம். அந்த ஆண்டுக்கான வரிப் பாக்கியைக் கட்டும் கடைசி நாள் செப்டெம்பர் 30. அது போய்விட்டது. ஆனால் உரிய நாளில் இருந்து 14 நாளுக்குள் கட்டினால் 20 வீதத் தண்டம் விழாது. அதாவது ஒக்டோபர் 14. பிந்தினதற்கு மாதத்துக்கு ஒன்றரை வீத வட்டி வரும், தவறின காலாண்டுத் தவணைகளுக்கும் கொஞ்சம் சேரும். எல்லாம் 9 ஆயிரத்தில் வீதம்தான், பெரிதாக வராது.

பெரிதாக வருவது எது தெரியுமா? விபரத்திரட்டைக் கொடுக்காமல் விடுவது. அதற்குத் தண்டம் வரியில் 5 வீதமும் மாதம் 1 வீதமும், அல்லது 50 ஆயிரமும் மாதம் 10 ஆயிரமும், இதில் எது கூடவோ அது. உச்சம் 4 இலட்சம். 9 ஆயிரம் வரிக்காரருக்கு 50 ஆயிரம்தான் கூடுதலாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வரியைவிடத் தண்டம் பல மடங்கு. எங்கள் பக்கத்துச் சின்ன வியாபாரிகள் சிக்குவது இந்த இடத்தில்தான், வரியில் இல்லை.

பரந்தன்_சந்தி | 9 ஒக்டோபர் 2025, பிற்பகல் 2.05

பார்த்தீர்களா, வரிக் கோப்பைத் திறந்தால்தானே தண்டம்? திறக்காமல் இருந்தால்?

வவுனியா_கணக்கர் | 9 ஒக்டோபர் 2025, பிற்பகல் 2.40

திறக்காமல் இருந்தாலும் கடமை கடமைதான் அண்ணா. வங்கிகளிடமும் மற்ற நிறுவனங்களிடமும் விபரம் கேட்டு எடுக்கும் அதிகாரம் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம். டராஸில் விற்கிறவர் அடையாள அட்டையும் வங்கிக் கணக்கும் கொடுத்துத்தான் பதிந்திருக்கிறார். ஒரு நாள் "இந்த 71 இலட்சம் என்ன?" என்று கேட்டு ஒரு கடிதம் வந்தால் தமையனின் 9 இலட்சத்தையும் சீட்டின் 5 இலட்சத்தையும் வருமானம் இல்லை என்று காட்ட வேண்டியவர் நீங்கள்தான். மூன்று வருடத்துக்கு முந்திய சீட்டுக்கு அத்தாட்சி எங்கே போய்த் தேடுவீர்கள்?

பதிவேடுகளை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதும் இதற்காகத்தான்.

முல்லைக்_கருவாடு | 9 ஒக்டோபர் 2025, இரவு 8.15

நல்ல இழை. நானும் கேட்கிறேன். முல்லைத்தீவில் கருவாடு போட்டு பேஸ்புக்கில் விற்கிறேன், கொழும்புக்கும் நீர்கொழும்புக்கும் நல்லாப் போகும். டராஸ் இல்லை. எனக்குச் சிக்கல் பில். கரையில் விடிய நாலரைக்குக் கூறல் (மீன் ஏலம்) முடியும், காசைக் கையில் கொடுத்துவிட்டு மீனை எடுத்துக்கொண்டு வருகிறோம். படகு வைத்திருக்கிற சம்மாட்டி பில் தருவாரா? ஈரக் கையோடு நிற்கிற மனுசனிடம் கையெழுத்துக் கேட்டால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார். செலவுக்குப் பில் இல்லாவிட்டால் முழு விற்பனையையும் இலாபம் என்று எடுப்பார்களா?

வவுனியா_கணக்கர் | 9 ஒக்டோபர் 2025, இரவு 9.30

நல்ல கேள்வி. வன்னியில் பாதி வியாபாரம் பில் இல்லாமல்தான் நடக்கிறது. தேன், கச்சான், உழுந்து, ஓலை, மீன், எதற்குப் பில் இருக்கிறது?

கடைகளில் கார்பன் தாள் வைத்த வவுச்சர் புத்தகம் விற்கிறார்கள். ஒன்று வாங்குங்கள். அன்றைக்கே திகதி, யாரிடம் வாங்கியது, என்ன மீன், எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு. விற்றவரின் கையெழுத்து அன்றைக்கு வாங்க முடியாவிட்டால் கிழமைக்கு ஒருமுறை ஒரே ஆளிடம் எல்லாத்தையும் சேர்த்து வாங்குங்கள். வழக்கமாக வாங்குகிற சம்மாட்டிக்குக் காசை வங்கி மூலம் போட முடிந்தால் இன்னும் நல்லது. கையெழுத்து இல்லாத வவுச்சர்கூட, அதே நாளில் வங்கியில் எடுத்த காசோடு ஒத்துப் போனால், ஒன்றும் இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று: ஈர மீன் 100 கிலோ வாங்கினால் காய்ந்த பிறகு எவ்வளவு நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வரிக்காரருக்குத் தெரியாது. வாங்கின நிறையையும் விற்ற நிறையையும் வைத்து மிச்சம் எங்கே என்று கேட்பார். காய்ந்த நிறையையும் அந்தப் புத்தகத்திலேயே எழுதி வையுங்கள்.

முல்லைக்_கருவாடு | 9 ஒக்டோபர் 2025, இரவு 9.41

இது எனக்குத் தோன்றவே இல்லை. பாரையும் நெத்தலியும் ஒரே அளவு வற்றாது, தனித்தனியாக எழுதவேண்டும்.

ஒட்டுசுட்டான்_கச்சான் | 10 ஒக்டோபர் 2025, காலை 7.10

விவசாயத்துக்கு வரி இல்லை என்றுதானே இருந்தது? நான் சொந்தத் தோட்டத்துக் கச்சானைத்தான் விற்கிறேன். வறுத்ததும் இருக்கிறது, பச்சையும் இருக்கிறது.

வவுனியா_கணக்கர் | 10 ஒக்டோபர் 2025, காலை 8.25

இருந்தது. 2019 ஏப்ரலில் இருந்து 5 வருடத்துக்கு. அது 2024 மார்ச்சோடு முடிந்தது. இருந்த காலத்திலும் பதப்படுத்தாமல் விற்கிற விளைச்சலுக்குத்தான். வறுத்து, உப்புப் போட்டு, லேபல் ஒட்டின பக்கற் அதற்குள் வராது. ஆனால் உங்கள் இலாபம் எல்லைக்குக் கீழே என்றால் இந்த விலக்கைப் பற்றி யோசித்து என்ன ஆகப் போகிறது? முதலில் கூட்டிப் பாருங்கள்.

ஒட்டுசுட்டான்_கச்சான் | 10 ஒக்டோபர் 2025, காலை 8.31

கூட்டினால் 6 இலட்சம் வராது ஐயா. யானை தின்றது போகத்தான் எனக்கு.

கிளி_டிசைன் | 10 ஒக்டோபர் 2025, காலை 11.00

கொஞ்சம் விலகிய கேள்வி. நான் கிளிநொச்சியில் இருந்து வெளிநாட்டுக்காரருக்கு லோகோ, போஸ்டர் செய்து கொடுக்கிறேன். டொலரில் வந்து வங்கிக்குள் விழுகிறது. இதற்கு வரி இல்லை என்று சொன்னார்கள்.

வவுனியா_கணக்கர் | 10 ஒக்டோபர் 2025, பகல் 12.10

2025 மார்ச் வரை இல்லை. வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக வந்தால் விலக்கு. ஏப்ரல் 1 முதல் வரி உண்டு, ஆனால் உச்ச வீதம் 15. 18 இலட்சம் நிவாரணம் உங்களுக்கும் உண்டு, அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு எவ்வளவு உழைத்தாலும் 15. இது சேவைக்கு. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் அது பொருள், இந்த 15 வீதக் கதை அங்கே பொருந்தாது.

ஸ்காபரோ_மல்லாவி | 11 ஒக்டோபர் 2025, அதிகாலை 4.50

இங்கிருந்து எழுதுகிறேன். ஊரில் மச்சானிடம் தேன், புழுக்கொடியல், பனங்கட்டி எடுத்து இங்கே சொந்தக்காரருக்குக் கொடுக்கிறோம். காசை நான் மச்சானின் கணக்குக்கு அனுப்புவேன். சிலவேளை மாமிக்கான செலவுக் காசும் அதற்குள்ளேயே போகும். இது அவருக்குச் சிக்கலாகுமா? இங்கே கனடாவில் 30,000 டொலர் விற்பனை வரைக்கும் எச்எஸ்ரி (விற்பனை வரி) பதிவு வேண்டாம், அதனால் என் பக்கம் தலையிடி இல்லை.

வவுனியா_கணக்கர் | 11 ஒக்டோபர் 2025, காலை 9.15

சிக்கல் காசில் இல்லை, கலப்பதில்தான். மாமிக்கு அனுப்புவது குடும்ப உதவி. தேனுக்கு அனுப்புவது மச்சானின் விற்பனை வருமானம். ஒரே நாளில் ஒரே தொகையாக 1,80,000 அனுப்பினால் அதில் எது எவ்வளவு என்று இரண்டு வருடம் கழித்து உங்களுக்கே தெரியாது. இரண்டாகப் பிரித்து அனுப்புங்கள். அனுப்பும்போது குறிப்பு எழுதுகிற இடத்தில் "மாமி மருந்து", "தேன் 40 போத்தல்" என்று போடுங்கள். முடியுமானால் மாமியின் கணக்குக்கே மாமியின் காசு போகட்டும்.

முறிகண்டியான் | 11 ஒக்டோபர் 2025, காலை 10.02

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சாமானுக்குக் கொடுத்த வற் திரும்பி வருமா? வராது. அப்போ இரண்டு தடவை கட்டுகிறோமா இல்லையா?

வவுனியா_கணக்கர் | 11 ஒக்டோபர் 2025, காலை 10.50

திரும்பி வராது. வற் பதிவு செய்தவர் மட்டும்தான் கொடுத்ததைக் கழித்துக் கொள்ளலாம். காலாண்டுக்கு ஒன்றரைக் கோடி அல்லது வருடத்துக்கு 6 கோடி புரள்வு இருந்தால்தான் பதிவு கட்டாயம். சமூகப் பாதுகாப்பு அறவீட்டுக்கும், புரள்வில் எடுக்கிற அந்த இரண்டரை வீதத்துக்கும், இதே எல்லைதான். தையல் தங்கச்சிக்கு இரண்டும் கிட்டவும் இல்லை. ஆனால் சாமான் விலைக்குள் இருக்கிற வற் அவருடைய செலவுக்குள் வந்துவிட்டது பாருங்கள். அந்த அளவுக்கு இலாபம் குறைந்துதான் 14 ஆகியிருக்கிறது.

நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன். வற் ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே வீதம். வருமான வரியாவது 18 இலட்சம் வரைக்கும் விட்டுவிடுகிறது. இரண்டில் கோபப்பட வேண்டியது வற்றில்தான் என்பது என் எண்ணம்.

முறிகண்டியான் | 11 ஒக்டோபர் 2025, காலை 11.20

கோபப்பட வேண்டிய இடம் நிறைய இருக்கிறது. குளத்து வாய்க்காலும் வீதியும் திருத்தித் தந்துவிட்டுக் கேட்டால் சந்தோசமாகக் கட்டலாம். எங்கள் ஒழுங்கையில் மாரியில் கூரியர் மோட்டார் சைக்கிள் வராது, சந்திக்குப் போய்த்தான் பார்சலைக் கொடுக்கிறோம். சரி, இதை வேறு இழையில் கதைப்போம்.

மாங்குளம்_ரீச்சர் | 11 ஒக்டோபர் 2025, பிற்பகல் 3.15

எனக்குச் சம்பளம் மாதம் 90 ஆயிரம், அதில் வரி வெட்டுவதில்லை. பின்னேரத்தில் கேக் செய்து வட்ஸ்அப்பில் விற்கிறேன், வருடத்துக்கு 8 இலட்சம் மிஞ்சும். இரண்டும் தனித்தனியாக 18க்குக் கீழே. பிரச்சினை இல்லைதானே?

வவுனியா_கணக்கர் | 11 ஒக்டோபர் 2025, மாலை 5.00

இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும் ரீச்சர். சம்பளம் 10,80,000, கேக் 8,00,000, மொத்தம் 18,80,000. எல்லைக்கு மேல் 80 ஆயிரம், வரி 4,800. சம்பளத்தில் வெட்டாததால் நீங்களே கட்டி விபரத்திரட்டும் கொடுக்க வேண்டும். கணவருடைய வருமானத்தை இதில் சேர்க்கத் தேவையில்லை, அவரவருக்கு அவரவர் கோப்பு. அரச உத்தியோகத்தில் இருந்துகொண்டு வியாபாரம் செய்ய அனுமதி எடுப்பது வேறு கதை, அதை அதிபரிடம் கேளுங்கள்.

மாங்குளம்_ரீச்சர் | 11 ஒக்டோபர் 2025, மாலை 5.12

அதிபருக்குத்தான் போன மாதம் பிறந்தநாள் கேக் செய்து கொடுத்தேன். 🙂

நெடுங்கேணி_ஓலை | 12 ஒக்டோபர் 2025, காலை 9.30

பனையோலைப் பெட்டி விற்கிறோம், ஆறு பெண்கள் சேர்ந்து. டராஸ் காசு அனுப்பும்போதே கழித்துக்கொண்டுதான் அனுப்புகிறது. அதற்குள் வரி போகிறது என்று எங்கள் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். உண்மையா?

கிளி_டிசைன் | 12 ஒக்டோபர் 2025, காலை 10.05

கழிப்பது அவர்களின் கமிஷனும் கட்டணங்களும். உங்கள் வருமான வரியை உங்களுக்காக அவர்கள் கட்டுவதில்லை. கூற்றை இறக்கி ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். மொத்த விலையை விற்பனையாகவும் கழிவை செலவாகவும் எழுதுங்கள், கைக்கு வந்ததை மட்டும் எழுதாதீர்கள். கூற்றை மாதாமாதம் இறக்கி மெயிலில் வைத்திருப்பது நல்லது. பழையது ஆப்பில் எப்போதும் இருக்கும் என்று நம்பக்கூடாது.

வவுனியா_கணக்கர் | 12 ஒக்டோபர் 2025, காலை 11.40

சரியாகச் சொன்னார் தம்பி. நெடுங்கேணி அக்கா, ஆறு பேர் என்றால் காசு யாருடைய கணக்கில் விழுகிறது? ஒருவருடைய தனிக் கணக்கு என்றால் பங்கு பிரித்ததை எழுத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் ஆறு பேரின் வருமானமும் அவர் ஒருவருடைய தலையில் நிற்கும். பெயர் ஒன்று வைத்து பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்தால் அந்தப் பெயரிலேயே கணக்குத் திறக்கலாம். பிரதேச சபைக்கும் வருடாந்தம் ஏதும் கட்டவேண்டி வரும், அது உங்கள் தொழிலைப் பொறுத்தது. அவர்களிடமே கேளுங்கள்.

தையல் தங்கச்சி, உங்களுக்கு ஒன்று சொல்ல மறந்தேன். தைக்கிற பிள்ளைகள் தினமும் வந்து உங்கள் வீட்டில் உங்கள் மெஷினில் தைக்கிறார்கள் என்றால் ஊழியர் சேமலாப நிதிக் கேள்வி வரும். ஒரே ஒரு ஊழியர் இருந்தாலும் வரும். உங்கள் பக்கம் 12 வீதம், அவர்கள் பக்கம் 8, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு உங்கள் பக்கம் இன்னும் 3. அது வரித் திணைக்களத்தின் வேலை இல்லை, தொழில் திணைக்களம். இன்றைக்கே தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஆனால் தெரிந்திருக்கட்டும்.

விசுவமடு_தையல் | 13 ஒக்டோபர் 2025, இரவு 8.50

அண்ணா, டின் இணையத்திலேயே எடுத்தேன், அடையாள அட்டைப் படம் கேட்டது. வரித் திணைக்களத்தின் 1944க்கு எடுத்துத் தமிழிலேயே கதைத்தேன், வருமான வரிக்கும் பதிந்துவிட்டேன். இன்று 9 ஆயிரத்தையும் கட்டியாயிற்று. விற்பனைக்கு மட்டும் தனிக் கணக்கு திறந்து கூரியருக்கும் டராஸுக்கும் அந்த எண்ணைக் கொடுத்தேன். தமையனுக்குப் பழைய கணக்கு. அன்ரிக்கு இன்னும் சொல்லவில்லை.

பரந்தன்_சந்தி | 13 ஒக்டோபர் 2025, இரவு 9.05

9 ஆயிரத்துக்கு ஒரு நல்ல சாறி எடுத்திருக்கலாம்.

வவுனியா_கணக்கர் | 13 ஒக்டோபர் 2025, இரவு 9.20

50 ஆயிரத்துக்கு ஐந்து சாறி எடுக்கலாம் அண்ணா. 🙂

தங்கச்சி, விபரத்திரட்டை நவம்பர் 30 வரை இழுக்காதீர்கள், கடைசி நாட்களில் தளம் நெரிசலில் நிற்கும். தட்டுப்பட்டால் யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. டின் கையில் இருப்பதால் இன்னொரு வேலையும் செய்யலாம். அம்மாவின் பெயரில் நிலையான வைப்பு இருந்தால் வட்டியில் இப்போது 10 வீதம் வெட்டுகிறார்கள், ஏப்ரலுக்கு முன் 5ஆக இருந்தது. வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ளவர் வங்கியில் பிரகடனம் ஒன்று கொடுத்தால் வெட்ட மாட்டார்கள். அதற்கு அம்மாவின் டின் வேண்டும்.

முல்லைக்_கருவாடு | 9 நவம்பர் 2025, காலை 7.45

பழைய இழையை எழுப்புகிறேன். வெள்ளிக்கிழமை ஜனாதிபதி வாசித்த பட்ஜெட்டில் வற் எல்லையைக் குறைக்கிறார்களாம். எங்களுக்கும் வருமா?

வவுனியா_கணக்கர் | 9 நவம்பர் 2025, காலை 9.10

முன்மொழிவு 6 கோடியில் இருந்து 3 கோடியே 60 இலட்சத்துக்கு, 2026 ஏப்ரல் முதல். மாதத்துக்கு 30 இலட்சம் புரள்வு. அவ்வளவு கருவாடு விற்றால் எனக்கும் ஒரு வேலை போட்டுத் தாருங்கள். கிளிநொச்சி, வவுனியா நகரத்தில் ஹாட்வெயார் வைத்திருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

விசுவமடு_தையல் | 9 நவம்பர் 2025, காலை 10.35

விபரத்திரட்டுக் கொடுத்துவிட்டேன் அண்ணா. இனி இந்த வருடம்? ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் வரை இலாபம் 8 இலட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நத்தாருக்கும் பொங்கலுக்கும் ஓடர் கூடும். தவணை கட்ட வேண்டுமா?

வவுனியா_கணக்கர் | 9 நவம்பர் 2025, காலை 11.15

தவணை நாட்கள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. வருடம் முடிய வரி வரும் என்று எதிர்பார்க்கிறவர்தான் கட்ட வேண்டும். இந்தப் போக்கில் உங்களுக்கு 14 இலட்சம் வரும், சீசனைச் சேர்த்தாலும் 16க்குள் நிற்கும். எல்லை இப்போது 18. மெஷின் கழிவு 50 ஆயிரமும் இருக்கிறது. நவம்பர் தவணையை விடுங்கள். பொங்கல் ஓடர் முடிந்ததும் ஒருமுறை கூட்டிப் பார்த்து, 17ஐத் தாண்டும் போல இருந்தால் பெப்ரவரி 15க்கு முன் இங்கே எழுதுங்கள். வரி வராவிட்டாலும் கோப்பு திறந்திருப்பதால் அடுத்த நவம்பரில் விபரத்திரட்டைக் கொடுத்துவிடுங்கள், பூச்சியம் என்று போட்டாவது.